அவருக்கு மனசில்லை என்று எழுதியவன்

முப்பது வருடம் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவன் நான். மனம் என்றால் என்ன, அது உடம்பில் எங்கே இருக்கிறது, உள்ளே இருந்து சிந்திப்பது யார் என்பவைதான் என் பாடம். ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டு, மனித மனத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று மேடையில் புகழ்ந்தார்கள். மாலைக்குள் இருந்த எறும்பு கழுத்தைக் கடித்துக்கொண்டிருந்ததால் அப்போது மறுத்துப் பேச முடியவில்லை. இப்போது மறுக்கிறேன். காரைக்காலில் எனக்கு இருபத்திரண்டு வயதாக இருந்தபோது, மனம் நன்றாகவே இருந்த ஒரு மனிதருக்கு அது இல்லை என்று எழுதிவைத்தேன். அரசாங்கப் பதிவேட்டில், பிரெஞ்சு மொழியில், அழகான கையெழுத்தில்.

பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போவதற்கு முந்திய வருடம் அது. கல்யாணங்களைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்திருந்தேன். வருகிறவர்கள் தமிழில் சொல்வதை அதிகாரிக்குப் பிரெஞ்சில் சொல்லி, பதிவேட்டிலும் எழுத வேண்டும். முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம். அதில் ஒரு தப்பு செய்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

பிரெஞ்சுப் பள்ளியின் கடைசி வகுப்பில் தத்துவம் கட்டாயப் பாடம். அதற்குச் செங்கல் கனத்தில் ஒரு பாடநூல் இருந்தது. மற்றப் பையன்கள் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கினார்கள். நான் அதைத் தலைக்குள்ளேயே ஏற்றிக்கொண்டேன். பழைய கிரேக்கர் ஒருவர், சிந்திப்பது இதயம்தான், மூளை ரத்தத்தைக் குளிரவைக்கும் பானை மாதிரி என்று சொன்னாராம். பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஆன்மா மூளையின் நடுவில் பட்டாணி அளவு சுரப்பி ஒன்றில் வேலை பார்க்கிறது, விலங்குகளுக்கு அது கிடையாது, அவை வெறும் கடிகாரங்கள் என்றார். ஆங்கிலேயர் ஒருவர், பிறக்கும்போது மனம் ஒரு வெள்ளைத்தாள் என்றார். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் தனக்குள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, அங்கே சூடு, குளிர், பசி, கோபம் எல்லாம் வந்து போகின்றனவே தவிர வீட்டுக்காரர் என்று யாரையும் காணோம் என்று சொல்லிவிட்டார். எனக்கு இவர்கள் எல்லோரையும் பிடித்தது. ஒருவர் சொன்னது சரியென்றால் மற்றவர்கள் சொன்னது தப்பு என்பது உறைக்கவே இல்லை.

கிடைத்தவர்களிடமெல்லாம் இதைச் சொல்லித் தீர்த்தேன். பூனை ஒரு யந்திரம், அதற்கு எண்ணம் என்று எதுவும் இல்லை என்று ஒருநாள் அம்மாவிடம் விளக்கினேன்.

"அப்ப நேத்து வறுத்து வெச்ச வஞ்சிரத்த யந்திரந்தான் தூக்கிட்டுப் போச்சா?"

"ஆமாம்மா. அது திருடணும்னு நெனைக்கல. கடிகாரம் மணி அடிக்கிற மாதிரி."

"சரி. இனிமே உன் தட்டுல வைக்கிறேன். மணி அடிக்கிறப்ப நீயே பாத்துக்க."

என் அதிகாரி அம்மாவைப் போல இல்லை. அவர் பிரான்சிலிருந்து வந்தவர். வெயிலில் மூக்கு உரிந்து எப்போதும் தக்காளி நிறத்தில் இருக்கும். எல்லாவற்றிலும் துல்லியம் வேண்டும் அவருக்கு. மதியம் வேலை குறைந்தால் என்னிடம் தத்துவம் பேசுவார். ஒருநாள், "எஸ்ப்ரி என்பதற்கு உங்கள் மொழியில் சொல் உண்டா?" என்று கேட்டார். எஸ்ப்ரி என்றால் பிரெஞ்சில் மனம், அறிவு, ஆவி, நகைச்சுவை எல்லாம்தான். நான் விறைப்பாக நின்று, "ஒன்றில்லை ஐயா, எட்டு உண்டு" என்று சொல்லி மனம், மனசு, உள்ளம், நெஞ்சு, சித்தம், புத்தி, எண்ணம், நினைப்பு என்று அடுக்கினேன்.

அவர் மூக்கைத் தடவிக்கொண்டு, "எட்டுச் சொற்கள் என்றால், நீங்கள் இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று அர்த்தம்" என்றார்.

இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. எங்களுக்கும் முடிவு உண்டு என்று காட்ட ஒரு சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அம்பகரத்தூர் விவசாயி வந்தார்.

ஐம்பது வயதிருக்கும். மனைவி இறந்துவிட்டார். ஒரே பெண், பத்தொன்பது வயது. மாப்பிள்ளைக்குச் சைகோனில் ஒரு கம்பெனியில் எழுத்தர் வேலை. விடுப்பில் வந்திருந்தார். பன்னிரண்டு நாளில் அவருக்குக் கப்பல். அதற்குள் கல்யாணம் பதிவாகிவிட்டால் பெண்ணும் கூடவே போகலாம். இல்லையென்றால் அடுத்த விடுப்புக்கு மூன்று வருடம். பெண்ணுக்கு இருபத்தொன்று ஆகாததால் தகப்பன் நேரில் வந்து சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் கையெழுத்துக்காகத்தான் அவர் வந்திருந்தார் என்று சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர். என் கல்யாணத்தில் கைநாட்டு வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாளாம். ஒரு மாதம் அவளே உட்காரவைத்து அவர் பெயரை மட்டும் எழுதச் சொல்லிக் கொடுத்திருந்தாள். வரப்பில் குச்சியால் எழுதியும் பழகினாராம். நாற்காலியில் உட்காருமுன்பே என்னிடம் கேட்டார்:

"கையெழுத்து எங்கங்க போடணும்?"

"அது கடைசியிலங்க."

"இப்பவே போட்டுடறனே. நேரமாச்சுன்னா எழுத்து கலைஞ்சிடும்."

"அப்பா, சும்மா இருங்க" என்றாள் மகள்.

அதிகாரி வரிசையாகக் கேள்வி கேட்டார். குடும்பத்தில் சாட்சி யார், உடன்பிறந்தவர்கள் உண்டா என்றார். தம்பி ஒருவன் இருக்கிறான், அதே ஊர்தான் என்றார் விவசாயி. அவரை அழைத்து வரலாமே என்று அதிகாரி கேட்க, நான் தமிழில் சொன்னேன். விவசாயியின் முகம் மாறிவிட்டது. ஏழு வருடமாகப் பேச்சில்லையாம். மாடு சாது என்று சத்தியம் செய்து தம்பி அதை அவரிடம் விற்றிருக்கிறான். கோயில் மேளச் சத்தம் கேட்டால் அது ஏரோடு அப்படியே படுத்துவிடும். அம்பகரத்தூரில் அம்மன் கோயில் மேளத்துக்குக் குறைவே கிடையாது.

"அவனக் கூப்புட எனக்கு மனசில்லைங்க" என்றார்.

அவர் விரும்பவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சில் ரொம்பச் சின்ன வாக்கியம். பள்ளிக்கூடத்துப் பையனுக்குத் தெரியும். இத்தனை வருடமும் அதைக் கவனக்குறைவு என்று எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். அந்தச் சின்ன வாக்கியம் வாய் வரை வந்தது. அதைத் தள்ளிவிட்டுப் பெரிய சொல்லை எடுத்தேன். "தந்தை தனக்கு எஸ்ப்ரி இல்லை என்று அறிவிக்கிறார்" என்று சொல்லி, பதிவேட்டிலும் எழுதினேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அவரே சொல்கிறாரா?"

"அவரே சொல்கிறார், ஐயா."

"மனமில்லை என்று ஒருவருக்குத் தெரிகிறது. மனமே இல்லாமல் அதைத் தெரிந்துகொண்டது எது?"

நான் ஸ்காட்லாந்துக்காரரை எடுத்துவிட்டேன். அதிகாரி அவருடைய பட்டாணிக்காரரை இறக்கினார். கால் மணி நேரம் இருவரும் பறந்தோம். முடிவில் அவர் என்னை "சக ஊழியரே" என்று அழைத்தார். அதுவரை "ஏய், இங்கே" என்றுதான் அழைப்பார். அந்தக் கால் மணி நேரமும் விவசாயி மை தொட்ட பேனாவைக் கையில் பிடித்தபடி, மை வேட்டியில் சொட்டாமல் இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டிருந்தார்.

பிறகு அதிகாரி சட்டப் புத்தகத்தைத் திறந்தார். மனமில்லாதவர் சம்மதம் சொல்ல முடியாது என்று கண்டுபிடித்தார். கல்யாணத்தைப் பதிவு செய்ய மறுத்தார். ஐந்து நாள் கழித்துத் தானே விவசாயியைச் சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லிப் பதிவேட்டை மூடினார்.

நான் எழுதிய ஒரு வரி கல்யாணத்தையே நிறுத்திவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் தகுதிகாண் காலத்தில் இன்னும் இரண்டு மாதம் பாக்கி. அதைவிட, சொல்ல வெட்கமாக இருக்கிறது, "சக ஊழியரே" என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாம் நாள் விவசாயி குளித்து, விபூதி பூசி, மகளோடு முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். சுவரோரப் பெஞ்சில் காரைக்கால் முஸ்லிம் வியாபாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார். கப்பல் டிக்கெட் ஏற்பாடு செய்பவர். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் டிக்கெட் போட்டவர் அவர்தான். பதிவு ஆயிற்றா என்று பார்க்க வந்திருந்தார்.

அதிகாரி மெதுவாக, கனிவோடு தொடங்கினார். "உங்கள் மனம் எங்கே இருக்கிறது என்று அவரைக் கேளுங்கள்."

கேட்டேன்.

"இப்ப இங்க இல்லீங்க. வயல்ல இருக்கு. நடவு ஆளுவள விட்டுட்டு வந்திருக்கேன். பாக்கலன்னா அவங்க நாத்தக் கோணக்கோணையா நட்டுடுவாங்க."

மொழிபெயர்த்தேன். எவ்வளவு தூரம் என்று கேட்டார் அதிகாரி. பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்றார் விவசாயி. மனம், உடலுக்கு வெளியே, பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று அதிகாரி குறித்துக்கொண்டார்.

"எப்போதிலிருந்து இப்படி?"

"சம்சாரம் போனதுலேர்ந்து மனசே சரியில்லீங்க. மனசு விட்டுச் சொல்றேன், இந்தப் பொண்ணு இல்லன்னா நான் இல்ல."

மனம் பழுது, இப்போது மனத்தை விட்டுவிட்டுப் பேசுகிறார் என்று சொன்னேன். நான் எதையும் திரிக்கவில்லை. சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னேன். நான் செய்த அயோக்கியத்தனமே அதுதான்.

பெஞ்சிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. "அவருடைய மாட்டுக்கு மனம் இருக்கிறதா என்று கேளுங்கள்." இல்லை என்று விவசாயி சொன்னால், பட்டாணிக்காரரோடு ஒத்துப்போகிறார், கொஞ்சம் மனம் இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

"மாட்டுக்கா! அதுக்கு மனசிருந்தாத்தாங்க எந்திரிக்கும். இல்லன்னா ஆறு ஆளு தூக்கினாலும் நடக்காது."

அதிகாரியின் மூக்கு இன்னும் சிவந்தது. மனிதருக்கு இல்லை, மாட்டுக்கு இருக்கிறது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். விவசாயிக்குக் காரியம் கெடுகிறது என்று மட்டும் புரிந்துவிட்டது. எழுந்து கைகூப்பினார்.

"தொரை, நீங்கதான் மனசு வைக்கணும். நீங்க மனசு வெச்சா எம்பொண்ணு கப்பலேறிடும்."

கருணை காட்டுங்கள் என்பதுதான் அதன் பொருள் என்று உலகத்துக்கே தெரியும். நான், "நீங்கள் ஒரு மனம் வைக்க வேண்டுமாம், வைத்தால் பெண் கப்பலேறுவாளாம்" என்றேன்.

அதிகாரி உருகிப்போய்விட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம், தனக்கு ஒரு மனம் தரும்படி பிரான்சைக் கேட்கிறார். அது குடியரசின் சக்திக்கு அப்பாற்பட்டது என்று சொல்லுங்கள்."

"தொரைக்கு அதுக்கு அதிகாரம் இல்லையாம்" என்றேன்.

"மனசு வைக்கக்கூடவா அதிகாரம் வேணும்?" என்றார் விவசாயி.

பெஞ்சில் இருந்தவர் தொப்பியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடினார். பின்னாலேயே போனேன். வாசல் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் சைகோனில் கடை வைத்திருந்தவர். பிரெஞ்சு புரியும் என்று எனக்குத் தெரியாது.

"தம்பி, எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க? அந்தப் பக்கமே நம்ம புள்ளைவள அனுப்பக் கூடாது."

"நான் சொன்னதுல ஏதாவது தப்பா?"

"ஒன்னுகூட இல்ல. அதாங்க வேடிக்கை. ஆனா உங்க நிய்யத்துதான் சரியில்ல." நிய்யத்து என்றால் ஒரு காரியத்தில் உள்ளே வைத்திருக்கும் எண்ணம். என் எட்டுச் சொற்களின் பட்டியலில் அது இல்லை. "போயி உள்ளதச் சொல்லிடுங்க. நானே சொல்லிடுவேன், ஆனா நான் படிச்சது துறைமுகத்துப் பிரெஞ்சு. வாயத் தொறந்தா பாதி கெட்ட வார்த்தை. தொரை என்னையப் புடிச்சு உள்ள போட்டுடுவாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சொல்ல மாட்டீங்க. சரி, வேற ஒன்னு செய்யுங்க. அப்பனால சம்மதம் சொல்ல முடியலன்னா நெருங்குன சொந்தக்காரரு சொல்லலாம்னு சட்டத்துல இருக்கு. சைகோன்ல பாத்திருக்கேன். சித்தப்பன இழுத்துட்டு வரச் சொல்லுங்க."

சட்டப் புத்தகத்தில் தேடினேன். அப்படித்தான் இருந்தது. அதிகாரியிடம் காட்டினேன், ஒத்துக்கொண்டார். அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. கல்யாணமும் நடக்கும், என் தப்பும் வெளியே வராது. யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

மனசில்லை என்று பதிவாகிவிட்டது, தம்பி வந்து சம்மதம் சொன்னால் கல்யாணம் நடக்கும் என்று விவசாயியிடம் சொன்னேன். எந்தத் தம்பியைக் கூப்பிட மனசில்லை என்றாரோ அதே தம்பியிடம் போய் நிற்க வேண்டும். அதுவரை வாசலில் டிக்கெட்காரரோடு பேசிக்கொண்டிருந்த மகள் என்னைத் தனியாக நிறுத்தினாள்.

"எங்கப்பாவுக்கு மனசில்லைன்னு நீங்கதான் எழுதுனீங்களாமே?"

"அது சட்டத்துல ஒரு..."

"உங்களுக்கு இருக்கா?"

அந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்ட செங்கல் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான். "இருக்குன்னுதான் நெனைக்கிறேன்" என்றேன்.

"நெனைக்கிறீங்களா!" என்று சொல்லிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

கப்பலுக்கு முந்திய நாள் எல்லோரும் வந்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில்தான் வந்தார்களாம், ஒருவர் டிரைவருக்குப் பின்னால், மற்றவர் கடைசி சீட்டில். அறைக்குள்ளும் நடுவில் மூன்று நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். தம்பி ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

"என்னண்ணே, மாட்டுக்கு மனசிருக்குன்னு தொரைகிட்டயே சொன்னீங்களாமே? நான் சொன்னப்ப நம்பல."

"வாய மூடுடா. நீ வித்தது மாடு இல்ல, மெத்தை."

"பொண்ணு கல்யாணத்துல சண்ட போடாதீங்க ரெண்டு பேரும்" என்றாள் மகள்.

அதிகாரி வாசித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்திட்டார்கள். தகப்பன் இடத்தில் தம்பி கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தார். கைநாட்டு வேண்டாம் என்று மகள் கேட்ட அதே இடத்தில் பெரிய கறுப்பு விரல் ஒன்று விழுந்தது. அதற்கு மேலே, என் அழகான கையெழுத்தில், தந்தைக்கு மனமில்லை என்ற வரி. எல்லோரும் எழுந்துகொண்டார்கள். அதிகாரி சாப்பிடப் போய்விட்டார்.

விவசாயி மட்டும் மேசையை விட்டு நகரவில்லை.

"நான் எங்கங்க போடறது?"

"அதான் உங்க தம்பி வெச்சுட்டாரே."

"அது அவன் வெச்சது. நான் எங்க போடறது? ஒரு மாசமா பழகுனேனுங்க."

வாசலில் நின்று மகள் திரும்பிப் பார்த்தாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருந்தாலும் பெரிய லாபம் இல்லை. பதிவேடு மூடியாயிற்று. ஆனாலும் சொல்லியிருக்கலாம். நான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல போடுங்க. இது தனி."

அவர் உட்கார்ந்தார். நாக்கை உதட்டோரத்தில் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, வரப்பு வெட்டுவதுபோல இழுத்து எழுதினார். பத்து நிமிடம் ஆயிருக்கும். எழுந்து வாசல் வரை போனவர், திரும்ப ஓடிவந்து, கடைசி எழுத்துக்கு மறந்துபோன புள்ளியை வைத்தார்.

"இது எங்கங்க போகும்?"

"பாரீசுக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்த்தேன், வாயில் வந்துவிட்டது. இன்றுவரை வேறு காரணம் தெரியவில்லை.

"பாரீசுக்கா!" என்றவர் தம்பியைப் பார்த்து, மூன்று நாற்காலி தூரம் தாண்டி, ஏழு வருடத்தில் முதல் தடவையாக திட்டுவதற்கல்லாமல் பெருமையடிக்க வாயைத் திறந்தார். "கேட்டியாடா? உன்னோடது இங்கயே கெடக்கும்."

மறுநாள் பெண் கப்பலேறினாள். இரண்டு மாதத்தில் என் தகுதிகாண் காலமும் முடிந்தது. வேலை நிரந்தரமான சில மாதங்களில் பிரெஞ்சுக்காரர்கள் போய்விட்டார்கள். அதிகாரி கிளம்பும்போது என்னைக் கட்டித் தழுவி, அந்த மனமில்லாத மனிதரைத் தன்னால் மறக்க முடியாது என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை.

சில வருடம் கழித்து அம்பகரத்தூர் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். விவசாயியின் கண்ணில் பட்டுவிட்டேன். ஒளிய இடம் பார்த்தேன். அதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தார். சைகோனில் பேரன் பிறந்திருந்தான். ஏர் கொடு, வண்டி கொடு என்று யார் வந்து கேட்டாலும், "எனக்குத்தான் மனசில்லைன்னு சர்க்காரே எழுதி வெச்சிருக்கே" என்று சொல்லி அனுப்பிவிடுகிறாராம். ஊரே சிரிக்கிறதாம். சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்த வாக்கியத்தில் சிரிப்பு இல்லை. "பொண்ணுக்கு மட்டும் அதுல வருத்தம். தம்பி கைநாட்டு வெச்ச கல்யாணம்னு லெட்டர்ல இன்னும் எழுதுறா."

பிறகு பக்கத்தில் நின்றவர்களைக் கூப்பிட்டார். "இங்க வாங்கய்யா. என் கையெழுத்தப் பாரீசுக்கு அனுப்புனேன்னு சொல்வேன்ல, அந்தத் தம்பி இவங்கதான்." அவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன்.

அந்தத் தாள் பாரீசுக்கு மட்டுமல்ல, வேறு எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை. என் செங்கல் புத்தகத்துக்குள் இருந்தது. பின்னாளில் வகுப்பில், பிறக்கும்போது மனம் வெள்ளைத்தாள் என்ற பாடம் வரும்போதெல்லாம் புத்தகம் அந்த இடத்தில் தானாகத் திறந்துகொள்ளும். அந்தப் பாடத்தை ஒவ்வொரு வருடமும் பாதி நேரத்தில் முடித்துவிடுவேன். நான் அதை எளிமையாக நடத்துவதாக மாணவர்கள் பேசிக்கொண்டார்கள்.

இளநீரை முடித்துவிட்டு நான் கிளம்பினேன். அவர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னோடு கொஞ்ச தூரம் வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, அந்தக் கடைசி புள்ளி. அவசரத்துல வெச்சேன். எழுத்து மேலதான் விழுந்திருந்துச்சா?"

"நேரா எழுத்து மேலதாங்க விழுந்திருக்கு" என்றேன். அவரிடம் நான் அதுவரை சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை.